கேட்டுப் படித்தவளின் கருத்து

அந்த ஞாயிற்றுக்கிழமை இருந்தவர்கள்: வாசகர் வட்டத்தை நடத்தும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பஸ் ஸ்டாண்டு எதிரே மருந்துக்கடை வைத்திருப்பவர், பெண்கள் பள்ளியில் தாவரவியல் நடத்தும் டீச்சர், அரக்கோணம் ரோட்டில் டூவீலர் மெக்கானிக் கடை போட்டிருக்கும் பாய், பிறகு நான். கல்லூரிப் பெண்கள் இரண்டு பேர் வந்தார்கள். கிருத்திகைக் கூட்டத்தில் பஸ் கிடைக்காது என்று டீ வருவதற்குள் கிளம்பிவிட்டார்கள். இல்லாதவர் என் அம்மா. அன்றைக்குப் பேசியது முழுக்க அம்மாவைப் பற்றித்தான். முகூர்த்த நாள் ஆனதால் அவள் மலையடிவாரத்தில் ஒரு கல்யாண மண்டபத்துப் பின்கட்டில் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

எங்கள் வட்டம் ஒரு ஜவுளிக்கடை மாடியில் மாதம் ஒருமுறை கூடும். வருடத்துக்கு ஒரு தடவை வாசகர் கருத்துகளைத் திரட்டி ஒரு சின்னப் புத்தகம் போடுவோம். ஏதாவது ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, ஆளுக்கொரு புத்தகம் படித்து, மனதில் பட்டதை எழுதித் தரவேண்டும். இந்த முறை உணவும் உடம்பும் என்று தலைமையாசிரியர் முடிவு செய்தார். அவருக்குச் சர்க்கரை வந்திருந்தது. அந்த மாதிரிப் புத்தகங்கள் வீட்டில் ஓர் அலமாரி நிறையச் சேர்ந்திருந்தன. அதிலிருந்தே எடுத்துக் கொடுத்தார். மருந்துக்கடைக்காரருக்குச் சிறுதானியம், டீச்சருக்குக் கீரை. உண்ணாநோன்பு மருத்துவம் பற்றிய புத்தகத்தைப் பாய் தானே கேட்டு வாங்கிக்கொண்டார். "வருசா வருசம் ஒரு மாசம் பகல்ல பச்சத்தண்ணி குடிக்காதவன் நானு. இத்தப் பத்தி நான் சொல்லாம வேற யாரு சொல்றது" என்றார்.

எனக்கு வந்தது தடித்த புத்தகம். சென்னை டாக்டர் ஒருவர் எழுதியது. கர்ப்பிணி முதல் கிழவர் வரை, குடும்பத்தில் யார் யார் எந்த வேளை எதைச் சாப்பிட வேண்டும் என்று ஒவ்வோர் அத்தியாயமாகச் சொல்லும். பளபளப்பான தாள். பக்கத்துக்குப் பக்கம் நறுக்கி அடுக்கிய பழங்களின் படம்.

எங்கள் வீட்டில் படிப்பு என்றால் சத்தமாகப் படிப்பதுதான். நைனா மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறவர். அம்மா சத்துணவுக் கூடத்தில் சமையல் உதவியாளர். கல்யாண நாட்களில் மண்டபச் சமையலுக்கும் போவாள். இரண்டு பேருக்கும் எழுத்து தெரியாது. பையன் படிக்கிறானா இல்லையா என்று அவர்கள் கண்டுபிடிக்க ஒரே வழி காதுதான். வாயை மூடிக்கொண்டு புத்தகத்தைப் பார்த்தால் நைனா உள்ளே எட்டிப் பார்த்து, "இன்னாடா, தூங்குறியா?" என்பார். பத்தாவதில் நான் கத்திக் கத்திப் படித்த ஒளிச்சேர்க்கை அம்மாவுக்கு இன்றைக்கும் பாதி மனப்பாடம். முதல் பட்டதாரி என்று சான்றிதழ் வாங்கி, கல்லூரி முடித்து, அச்சகத்தில் கம்ப்யூட்டரில் பக்கம் அமைக்கும் வேலைக்குப் போன பிறகும் எனக்குச் சத்தம் இல்லாமல் படிக்க வராது. ரயிலில் படிக்க நேர்ந்தால் உதடு அசையும். பக்கத்தில் இருப்பவர்கள் ஸ்லோகம் சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அப்படித்தான் இந்தப் புத்தகத்தையும் சாயங்கால வேளைகளில் அடுப்பங்கரை வாசலில் உட்கார்ந்து படித்தேன். அம்மா அரிசி களைந்துகொண்டே, குழம்பைக் கிளறிக்கொண்டே கேட்டாள். அக்கா அப்போது பிரசவத்துக்காக வீட்டுக்கு வந்திருந்தாள். ரத்தம் கம்மி என்று நர்ஸம்மா மாத்திரை கொடுத்திருந்தார். அதனால் ரத்தசோகை அத்தியாயம் வந்ததும் அம்மா அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"மெதுவா படி. ஓடாத."

மாதுளை, பேரீச்சை, அத்திப்பழம், பீட்ரூட் சாறு என்று படித்துக்கொண்டே போனேன். இறைச்சி உண்பவர்கள் தோல் நீக்கிய கோழியின் மார்புக்கறியை அளவாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒரு வரி வந்தது.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதாம்மா."

"சுவரொட்டி?"

ஆட்டின் மண்ணீரலைக் கறிக்கடையில் சுவரொட்டி என்பார்கள். பிள்ளை உண்டான பெண்ணுக்கு எங்கள் தெருவில் அதை வாங்கிச் சுட்டோ வதக்கியோ கொடுக்காத வீடு இல்லை. பக்கம் புரட்டிப் பார்த்தேன்.

"இல்லம்மா."

"பெரிய கறி?"

"அதுவும் இல்ல."

"நல்லா தேடு. வேற பேருல போட்டிருப்பாரு. பெரிய மனுசங்க நேரா சொல்லமாட்டாங்க."

கடைசிப் பக்கத்துப் பொருளடைவு வரை தேடினேன். பெரிய கறி என்றால் மாட்டுக்கறி; புத்தகத்தில் மாட்டுக்குப் பக்கத்தில் பால் மட்டும்தான் இருந்தது. அக்கா பாயில் படுத்தபடியே சிரித்தாள். "கோழி மார எழுதினவரு ஆட்டுக்கும் மாட்டுக்கும் கண்ண மூடிகினாரு" என்றாள். மறுநாள் அம்மா இரண்டு மாதுளையும் வாங்கி வந்தாள், சுவரொட்டியும் வாங்கி வந்தாள். அக்காவுக்கு ரத்தம் ஏறியது. மாத்திரையா, மாதுளையா, சுவரொட்டியா என்று எனக்குத் தெரியாது. தெரியும் என்று சொல்கிறவர்களை நம்பவும் மாட்டேன்.

புத்தகம் முடிவதற்குள் எனக்கு ஒன்று புரிந்துபோனது. இதைப் படித்தவன் நான் என்றாலும், இதோடு சண்டை போட்டவள் அம்மாதான். பிடித்த இடத்தை மறுபடி படிக்கச் சொல்வாள். பிடிக்காத இடத்தையும் மறுபடி படிக்கச் சொல்வாள். என் கருத்து ஒன்றரைப் பக்கத்தில் முடிந்தது: நல்ல நடை, எளிய விளக்கம், விலை அதிகம். அதைப் படித்துப் பார்த்தபோது எனக்கே கொட்டாவி வந்தது. ஆகவே அம்மாவைப் பேசச் சொல்லி, அவள் பேசியதை அவள் பேசியபடியே எழுதிக்கொண்டேன். என் கருத்துக்குக் கீழே அவள் கருத்து. இரண்டையும் சேர்த்துத் தலைமையாசிரியரிடம் கொடுத்தேன். அம்மா சொன்னதில் கொஞ்சம் இது:

"இந்தப் புஸ்தகத்த எம்புள்ள படிக்க முழுசா கேட்டேன். டாக்டரு ஒழுங்காதான் எழுதிகிறாரு. சக்கரையும் வெல்லமும் ஒடம்புக்கு ஒண்ணுதான்னு நான் சொன்னா எங்க ஊட்டுக்காரரு கேக்கமாட்டாரு. புஸ்தகத்துல கீதுன்னதும் டீயில கம்மி பண்ணிகினாரு. அதுக்கு டாக்டருக்கு ஒரு கும்புடு. ஒரு வாயி சோத்த முப்பத்திரண்டு தபா மெல்லணும்னு போட்டுகிறாரு. நான் சத்துணவுல சோறு போடறவ. எங்க புள்ளைங்க அப்படி மென்னுகினு இருந்தா மொதப் பந்தி எழுந்திரிக்கிறதுக்குள்ள ஸ்கூலு உட்டுடும். வயசானவங்க முட்டையில மஞ்சக்கருவ எடுத்துட்டு துன்னணுமாம். அத்த எடுத்துட்டா அப்புறம் இன்னாத்துக்கு முட்ட? கத்திரிக்கா துன்னா அரிப்பு வராது, அது மூடநம்பிக்கைன்னு போட்டுகிறாரு. வரும். எனக்கு வரும். சுவரொட்டி பத்தி இல்ல, பெரிய கறி பத்தி இல்ல. அவருக்குத் தெரியாதுன்னு சொல்லமாட்டேன், யாரும் அவருக்கு ஆக்கிப் போட்டிருக்கமாட்டாங்க. புருசனுக்கு இன்னா, புள்ளைக்கு இன்னா, மாமியாருக்கு இன்னான்னு எல்லாத்துக்கும் தட்டு போட்டு படம் காட்டிகிறாரு. ஆக்குறவ கடைசில துன்றா. கடைசில சட்டியில இன்னா கீதோ அதான் அவளுக்கு. அவளுக்கு ஒரு பக்கம் எழுதி இருக்கலாம்."

ஞாயிற்றுக்கிழமை தலைமையாசிரியர் தாள்களை மேசையில் வைத்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கெட்டவர் அல்ல. கல்லூரிக் காலத்தில் எனக்குப் புத்தகம் கொடுத்துப் படிக்கவைத்தவர்களில் அவரும் ஒருவர். அதனால்தான் அன்று எனக்குக் கோபம் இரண்டு பங்காக வந்தது.

"தம்பி, உங்க கருத்து அருமை. அப்படியே போட்டுடலாம். அம்மா சொன்னத மட்டும் எடுத்துடுவோம்."

"ஏங்க சார்?"

"நம்ம அறிவிப்புலயே இருக்கு. புத்தகத்த முழுசா படிச்சவங்க எழுதலாம்னு."

"முழுசா கேட்டாங்க சார். ஒரு பக்கம் விடல."

மருந்துக்கடைக்காரர் டீ கிளாஸைச் சுற்றிக்கொண்டே, "கேக்கறது வேற தம்பி, படிக்கறது வேற" என்றார்.

"நீங்க முழுசா படிச்சீங்களா அண்ணே?"

"நானா? எங்க, கடையில நேரம் ஏது. முன்னுரை, அப்புறம் கம்பு, ராகி. மத்தது அதே மாதிரிதான் இருக்கும்."

பாய்க்குச் சிரிப்பு வந்து டீ புரையேறியது. மருந்துக்கடைக்காரரும் கோபித்துக்கொள்ளாமல் சிரித்தார். தலைமையாசிரியர் மட்டும் சிரிக்கவில்லை.

"அது ஒண்ணு. ரெண்டாவது, அறிவியலுக்கு ஒத்துவராத விஷயம் இருக்கு. கத்திரிக்காய் அரிப்பு. டாக்டர் தெளிவா மறுத்திருக்கார். நாம அச்சுல போட்டா தப்பாயிடும்."

"அவங்களுக்கு வருதுன்னுதான சார் சொல்றாங்க. ஊருக்கே வரும்னு சொல்லலையே."

"மூணாவது." சற்றுத் தயங்கினார். "நாம உக்காந்திருக்கிற ஊர் எந்த மாதிரி ஊர்னு உங்களுக்கே தெரியும். கீழ காவடி போய்க்கினு இருக்கு. கோயில் கடையிலயும் நம்ம புத்தகம் வெப்பாங்க. அதுல போய் பெரிய கறி, சின்ன கறின்னு..."

ஜன்னலுக்குக் கீழே பம்பைச் சத்தம் உண்மையாகவே போய்க்கொண்டிருந்தது. அந்தக் காவடிக் கூட்டத்தில் எங்கள் தெரு ஆட்களும் வருடா வருடம் மஞ்சள் கட்டி நடப்பவர்கள். விரதம் முடிந்த மறுநாள் கறிக்கடைக்கும் போகிறவர்கள். இதை நான் சொன்னேன். சொன்னபோது குரல் உயர்ந்துவிட்டது. டீச்சர் கீழே குனிந்து தன் பையின் ஜிப்பைத் திறந்து மூடினார்.

"உணவு பத்தித்தான சார் புத்தகம் போடறோம். நாங்க துன்றது உணவு இல்லையா?"

"நான் அப்படிச் சொல்லல தம்பி. உங்க கருத்துல நாகரிகமா, அசைவ உணவுகள் பற்றி இன்னும் விரிவாக எழுதியிருக்கலாம்னு ஒரு வரி சேர்த்துடுங்க. விஷயம் வந்துடும். பேரு எதுக்கு?"

விஷயம் வந்துவிடும், ஆள் வரக்கூடாது. அப்போது பாய்தான் அதை ஞாபகப்படுத்தினார்.

"சார், போன வருசம் ரயில்வேல பெரிய வேலையில இருந்து ரிட்டயர் ஆனாரே, கண்ணு தெரியாதவரு. அவரு பேரன் படிக்கக் கேட்டுதான கருத்து சொன்னாரு? ரெண்டு பக்கம் போட்டோமே. போட்டோவோட."

தலைமையாசிரியர் யோசிக்காமல் பதில் சொன்னார். யோசித்திருந்தால் சொல்லியிருக்கமாட்டார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

"அது வேற பாய். அவர் படிச்சவர்."

எழுந்து மேசையருகே போய் என் தாள்களை எடுத்துக்கொண்டேன்.

"ரெண்டு கருத்தும் ஒண்ணாதான் சார் வந்தது. ஒண்ணாவே போவட்டும்."

"தம்பி, உணர்ச்சிவசப்படாதீங்க. உங்க பேரு அச்சுல வர்ற முதல் தடவை இது."

"அது எனக்கும் தெரியும் சார்."

படியிறங்கும்போது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. பாய், கையில் தன் தாளோடு வந்துகொண்டிருந்தார். "என்னுதையும் வாங்கிகினு வந்துட்டேன்பா. நோம்புல எலுமிச்சம்பழ ஜூஸ் குடின்னு எழுதினவருக்குப் பதில் எழுதுறதுக்கு எனக்கு இவங்க இடம் இன்னாத்துக்கு?" என்றார். அரக்கோணம் ரோடு வரை வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தார். கூட்டத்தில் ஓட்ட முடியவில்லை.

அங்கிருந்து நேரே மண்டபத்துக்குப் போனேன். பின்கட்டில் பூசணிக்காய் மலை கரைந்திருந்தது. அம்மா குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். கண்ணில்லாதவர் கதையைச் சொல்லாமல் விடலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். அது அவளை ஏமாற்றுவது என்று பட்டதால் அதையும் சொன்னேன். போகட்டும் விடு என்பாள் என்று எதிர்பார்த்தேன். எங்களைப் போன்றவர்கள் வாயில் முதலில் வருவது அதுதான்.

"நான் இன்னா தப்பு சொல்லிட்டேன்னு கேட்டியா?"

"கத்திரிக்கா அரிப்புன்னாங்க."

முந்தானையில் கையைத் துடைத்தாள். "சரி, அத்த ஒண்டி எடுத்துடு." இரண்டடி போனவள் நின்றாள். "இல்ல, வேணாம். இருக்கட்டும். எனக்கு வருதுல்ல? எனக்கு வர்றத நான் சொல்லாம டாக்டரா சொல்வாரு?"

"ஆங்."

"நாமளே அச்சு போட்டா எவ்ளோ ஆவும்?"

வட்டத்தின் புத்தகம் அச்சாகும் இடமே நான் வேலை செய்யும் அச்சகம்தான். மறுநாள் தலைமையாசிரியர் அனுப்பிய மற்றக் கருத்துகள் என் மேசைக்கே வந்தன. பாய் கடையிலிருந்து போன் செய்தார். "உன் கையிலதான கீது. நடுவுல அம்மாவுத சொருவிடு. அச்சான அப்புறம் இன்னா பண்ணுவாங்க?" விளையாட்டுக்குத்தான் சொன்னார், ஆனாலும் கொஞ்சம் ஆசையோடு. செய்யவில்லை. திருட்டுத்தனமாக நுழைந்தாள் என்று ஒரு நாள்கூட யாரும் அம்மாவைச் சொல்லக்கூடாது. அவர்கள் புத்தகத்தை ஓர் எழுத்து மாறாமல் அமைத்துக் கொடுத்தேன். மருந்துக்கடைக்காரர் கம்பைக் கேழ்வரகு என்று எழுதியிருந்த ஓரிடத்தை மட்டும் போன் செய்து கேட்டுத் திருத்தினேன். "நல்லவேளை சொன்னபா" என்றார். தப்போடு வரும் கருத்தும் கருத்துதான் என்று அவரிடம் சொல்லவேண்டும் போலிருந்தது. சொல்லவில்லை.

டீச்சரிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது. உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது, ஆனால் பெரியவரை எதிர்த்துப் பேச முடியவில்லை என்று. பார்த்துவிட்டேன் என்பதற்கு அடையாளமாக ஒரு கும்பிடு அனுப்பினேன். அதற்கு மேல் எனக்கு மனசு வரவில்லை. நியாயம் இருக்கிறது என்றால் அதை மாடியில் சொல்லியிருக்க வேண்டும்.

எங்கள் புத்தகத்தை நானும் பாயும் அச்சகத்தில் வேலை முடிந்த பிறகு அமைத்தோம். முதலில் அம்மா, அடுத்துப் பாய், கடைசியில் நான். என் கருத்தைப் பாதியாகக் குறைத்தேன். நல்ல நடை, எளிய விளக்கம் எல்லாம் போயிற்று. அம்மாவின் பேரைக் கொட்டை எழுத்தில் வைத்தேன். பேருக்குக் கீழே என்ன போடுவது என்று யோசித்தோம். சத்துணவு ஊழியர் என்று பாய் சொன்னார். அம்மா ஒப்புக்கொள்ளவில்லை.

"அத்த போட்டா, சோறு ஆக்குறவ சோத்தப் பத்திப் பேசறான்னு உட்டுடுவாங்க. புஸ்தகம் கேட்டவன்னு போடு."

அப்படியே போட்டேன். அவள் பேச்சை எழுத்துத் தமிழுக்கு மாற்றவும் இல்லை. அச்சக முதலாளி ப்ரூஃப் பார்த்துவிட்டு, "இன்னாபா இது, பேசற மாதிரியே கீது, திருத்த மறந்துட்டியா?" என்று கேட்டார். மறக்கவில்லை என்றேன். அவர் தோளைக் குலுக்கினார். வட்டத்தின் ஆர்டரும் அவருக்கு வேண்டும், என் வேலையும் அவருக்கு வேண்டும். மெஷினுக்கு இரண்டும் ஒன்றுதான். "தாள் காசு, கூலி ரெண்டும் முழுசா குடுத்துடணும், தள்ளுபடி கேக்காத" என்றார். கேட்கவில்லை. தள்ளுபடியில் வந்த புத்தகமாக அது இருக்க வேண்டாம் என்று எனக்கும் இருந்தது.

முதலில் பன்னிரண்டு பக்கம் என்றுதான் கணக்கு. ப்ரூஃபை வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டுத் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"எழுத்து இன்னா இவ்ளோ பொடிசா கீது?"

"எல்லாப் புத்தகமும் இப்படித்தாம்மா."

"எங்க சத்துணவு டீச்சரம்மாவே கண்ணாடி தேடுவாங்க. பெரிசா போடு. எவன் ஊட்லயாவது புள்ள படிக்கும், பக்கத்துல அவங்கம்மா கேக்கும். புள்ளைக்குத் தடுமாறக் கூடாது."

பெரிதாகப் போட்டேன். பக்கம் இருபதாகிவிட்டது. நைனா தன் பங்குக்கு அட்டை கெட்டியாக இருக்கவேண்டும் என்றார். மூட்டை தூக்குகிறவருக்கு எதுவும் கிழியாமல் போய்ச் சேரவேண்டும். அதையும் செய்தோம். இருநூறு படிகள். சத்துணவுக் கூடத்திலும், பாய் கடையிலும், கறிக்கடையிலும், ஸ்டேஷன் வாசல் டீக்கடையிலும் வைத்தோம். விலை போடவில்லை, எடுத்துப் போகலாம். தலைமையாசிரியர் வீட்டுக்கு நானே போய் ஒன்று கொடுத்தேன். வாங்கிக்கொண்டார், நின்றபடியே முதல் பக்கத்தைப் படித்தார். "எழுத்து பெரிசா இருக்கு" என்றார். உள்ளே வரச் சொல்லவில்லை. நானும் அதற்குப் போகவில்லை. அடுத்த மாதக் கூட்டத்துக்கு எனக்கு அழைப்பு வரவில்லை. அழைத்திருந்தால் போயிருப்பேன், அம்மாவோடு இரண்டு பேராக.

தாள், அச்சுக்கூலி, கெட்டி அட்டை, கம்பித் தையல் எல்லாவற்றுக்கும் முதலாளி பில் போட்டுக் கொடுத்தார். பாய் ஒரு பங்கு தந்தார். ஒரு பங்கு என் சம்பளத்தில் பிடித்தார்கள். மிச்சத்தை அம்மா தன் மண்டபக் கூலியிலிருந்து எண்ணி வைத்தாள். என் பங்கில் சேர்க்கச் சம்மதிக்கவில்லை, தன் கருத்துக்குத் தானே கொடுப்பேன் என்றாள். மூன்று பேருக்குமாகச் சேர்த்து ஆனது ஐயாயிரத்து நானூறு ரூபாய்.